பெர்ஃப் காட்டுவது பொருந்தவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

லினக்ஸில் ஒரு நிரல் எங்கே நேரத்தைத் தின்கிறது என்று பார்க்க, முதலில் கைக்கு வருவது பெர்ஃப்தான். 2009இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2.6.31 பதிப்புடன் வந்தது. இன்றுவரை கெர்னலின் மூலநிரல் தொகுப்புக்குள்ளேயே வளர்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கூட பயமில்லாமல் போடலாம் என்பதே இதன் பெரிய பலம்.

பயம் ஏன் இல்லை? ஜிபுரோஃப் போன்ற பழைய கருவிகள் ஒவ்வொரு ஃபங்ஷன் நுழைவிலும் கணக்கு எழுதும். கால்கிரைண்ட் நிரலை ஒரு போலிச் செயலியில் ஓட்டுவதால் வேகம் பல பத்து மடங்கு விழும். பெர்ஃப் அப்படியில்லை. வேலை செய்பவரை நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு எழுதச் சொல்லாமல், அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் மேஸ்திரி மாதிரி. விநாடிக்கு 99 முறை எட்டிப் பார்க்கிறது, ஒவ்வொரு முறைக்கும் தாராளமாக 10 மைக்ரோசெகண்டு ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், விநாடியில் ஒரு மில்லிசெகண்டைக் கூடத் தொடாது.

எட்டிப் பார்ப்பதில்தான் சிக்கலும் இருக்கிறது. பெர்ஃப் காட்டும் எண்கள் பொய்யாக இருப்பது அரிது. ஆனால் அது பார்த்த இடமும், அது பார்த்தது என்று நாம் நினைக்கும் இடமும் ஒன்றாக இல்லாமல் போகலாம். ஒரு சாம்பிள், அதாவது ஒருமுறை எட்டிப் பார்த்ததன் பதிவு, நம் கண்ணுக்கு வரும் முன் நான்கு கட்டங்களைக் கடக்கிறது: இன்டரப்ட் (செயலியை ஒரு கணம் நிறுத்தும் குறுக்கீடு) அடிக்க வேண்டும், ஸ்டாக்கை (யார் யாரை அழைத்தார்கள் என்ற அடுக்கு) ஏறிப் பார்க்க வேண்டும், பதிவு கோப்பில் விழ வேண்டும், கடைசியில் முகவரிக்குப் பெயர் கிடைக்க வேண்டும். கீழே வரும் ஏறக்குறைய எல்லா அறிகுறிகளும் இந்த நான்கில் ஏதோ ஒன்று தடம் புரண்டதால் வருபவை.

தொடக்கத்துக்கு இந்தக் கட்டளை போதும் (ஒலிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள், எஃப் மட்டும் பெரிய எழுத்து):

பெர்ஃப் ரெக்கார்ட் -எஃப் 99 -ஜி -பி 4312 -- ஸ்லீப் 30

4312 என்பது பிராசஸ் எண். 30 விநாடி பார்க்கச் சொல்கிறோம். 100 என்று போடாமல் 99 என்று போடுவதற்குக் காரணம் உண்டு. பல நிரல்களில் 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓடும் டைமர் வேலைகள் இருக்கும். நாமும் சரியாக அதே தாளத்தில் எட்டிப் பார்த்தால், அந்த வேலையையே எப்போதும் பார்ப்போம், இல்லாவிட்டால் ஒருமுறை கூடப் பார்க்க மாட்டோம். எஃப் கொடுக்காமல் விட்டால் விநாடிக்கு 4000 என்பது இயல்பு மதிப்பு.

அறிகுறி: அனுமதி இல்லை என்று கத்துகிறது

கெர்னலில் பெர்ஃப்_ஈவென்ட்_பாரனாய்டு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 2 என்று இருந்தால் சாதாரணப் பயனர் தன் நிரலின் பயனர்பகுதியை மட்டும் அளக்கலாம். 1 என்றால் கெர்னலுக்குள் செலவான நேரமும் தெரியும். 0 என்றால் முழு சிபியுவையும் பார்க்கலாம். கெர்னலின் இயல்பு மதிப்பு 2. உபுண்டுவும் டெபியனும் அதற்கு மேலான எண்ணை வைத்துச் சாதாரணப் பயனருக்கு மொத்தமாகக் கதவைச் சாத்திவிடுகின்றன. சிஸ்கன்ட்ரோல் என்ற கட்டளை கொண்டு 1 ஆக்கினால் பெரும்பாலான வேலைக்குப் போதும். இணையத்தில் பார்த்துவிட்டு நேராக -1 வைப்பவர்கள் உண்டு. பலர் பகிரும் சர்வரில் அது தேவையில்லாத தாராளம்.

டாக்கர் கண்டெய்னருக்குள் என்றால் கதை வேறு. அங்கே இயல்பான செக்காம்ப் விதிகளே (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால்களை வடிகட்டுபவை) பெர்ஃபின் சிஸ்டம் காலைத் தடுக்கின்றன. ஹோஸ்டிலிருந்து அளப்பது எளிது. உள்ளேயிருந்துதான் வேண்டும் என்றால் கேப்_பெர்ஃப்மான் அனுமதியைக் கொடுங்கள். கெர்னல் 5.8இலிருந்து இருக்கிறது. இதற்காக முழு ரூட் உரிமையைத் தூக்கிக் கொடுக்க வேண்டாம்.

கெர்னல் ஃபங்ஷன்களின் பெயர் மட்டும் வராமல் இருந்தால் கேப்டர்_ரெஸ்ட்ரிக்ட் என்ற இன்னோர் அமைப்பைப் பாருங்கள். அது கெர்னல் முகவரிகளையெல்லாம் பூஜ்ஜியமாக்கி மறைத்துவிடும்.

அறிகுறி: நிரல் மெதுவாக இருக்கிறது, ஆனால் சாம்பிளே விழவில்லை

இதில்தான் பலரும் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். ஒரு கோரிக்கைக்கு 2 விநாடி ஆகிறது என்று புகார் வருகிறது. 30 விநாடி அளந்து பார்த்தால் நூற்றுச்சொச்சம் சாம்பிள். பெர்ஃப் கெட்டுவிட்டதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைச்சரடு) ஒரு சிபியுவை முழுதாகப் பிடித்து ஓடினால் 99 பெருக்கல் 30, அதாவது 2970 சாம்பிள் வர வேண்டும். 150தான் வந்தது என்றால் அந்த த்ரெட் சிபியுவில் இருந்தது சுமார் ஒன்றரை விநாடி மட்டுமே. மீதி நேரம் டிஸ்க்குக்கோ, நெட்வொர்க்குக்கோ, பூட்டுக்கோ காத்துத் தூங்கியிருக்கிறது. சிபியுவில் ஓடும்போதுதான் பெர்ஃப் எட்டிப் பார்க்கும். தூங்குகிற த்ரெட்டுக்கு இன்டரப்ட் அடிப்பதில்லை. வந்த அந்த 150 சாம்பிளை வைத்து 40 சதவீதம் பிடிக்கும் ஃபங்ஷனைச் செப்பனிட்டால், 2 விநாடிக் கோரிக்கையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அதனால் பெர்ஃபைத் தொடும் முன் டைம் கட்டளையோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கடிகார நேரம், பயனர் நேரம், சிஸ்டம் நேரம் என்று மூன்று எண் வரும். பின்னிரண்டின் கூட்டல் முதலாவதை நெருங்கினால் சிபியு வேலை, தொடரலாம். பாதிக்கும் கீழே என்றால் காத்திருப்புதான் வில்லன். பல த்ரெட் நிரலில் கூட்டல் கடிகார நேரத்தைத் தாண்டவும் செய்யும், அங்கே ஒவ்வொரு த்ரெட்டாகப் பார்க்க வேண்டும்.

காத்திருப்பைப் பிடிக்க வேறு வாசல் இருக்கிறது. பெர்ஃப் டிரேஸ் -எஸ் போட்டால் எந்த சிஸ்டம் காலில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று தொகுத்துத் தரும். எஸ்டிரேஸும் இதைச் செய்யும், ஆனால் ஒவ்வொரு அழைப்பிலும் நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதால் சர்வரில் போட வேண்டாம் என்பேன். த்ரெட் எப்போது இறங்கியது, எப்போது எழுந்தது என்று வேண்டுமானால் பெர்ஃப் ஷெட் டைம்ஹிஸ்ட். எந்த வழியாக வந்து தூங்கியது என்று ஸ்டாக்கோடு வேண்டுமானால் பிசிசி என்ற கருவித் தொகுப்பிலுள்ள ஆஃப்சிபியுடைம். ஒரே எச்சரிக்கை: பெர்ஃப் ஷெட்டும் ஆஃப்சிபியுடைமும் எட்டிப் பார்க்கும் வகை அல்ல. த்ரெட் மாறும் ஒவ்வொரு தடவையும் பதிவு ஆகும். விநாடிக்கு லட்சக்கணக்கில் த்ரெட் மாறும் இயந்திரத்தில் சுமை கூடவே தெரியும். சில விநாடிகள் மட்டும் ஓட்டி நிறுத்துங்கள்.

அறிகுறி: ஸ்டாக் பாதியில் அறுந்திருக்கிறது, அழைத்தவர் யார் என்று தெரியவில்லை

ஃபங்ஷன் பெயர் வருகிறது, ஆனால் மேலே மெயின் வரை சங்கிலி போகவில்லை. இடையில் அர்த்தமில்லாத ஒரு ஹெக்ஸ் எண்ணோடு நின்றுவிடுகிறது.

-ஜி கொடுத்தால் பெர்ஃப் இயல்பாக ஃபிரேம் பாயின்டரை (ஸ்டாக்கில் இப்போதைய ஃபங்ஷனின் இடமான ஃபிரேமைக் காட்டும் ரிஜிஸ்டர்) பிடித்துக்கொண்டு ஸ்டாக்கில் ஏறும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி இயந்திரங்களில் மேம்பாட்டோடு கம்பைல் செய்யும்போது ஜிசிசி கம்பைலர் அந்த ரிஜிஸ்டரை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளும். பிடிமானம் போய்விட்டால் சங்கிலி அறுந்துவிடும். உங்கள் நிரல் என்றால் -எஃப்நோ-ஆமிட்-ஃபிரேம்-பாயின்டர் கொடுத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். பெரும்பாலான நிரல்களில் இதற்கு ஆகும் வேக இழப்பு ஓரிரு சதவீதத்துக்குள்தான். அளக்கவே முடியாத நிரலை வைத்துக்கொண்டு அந்த ஓரிரு சதவீதத்தைக் காப்பாற்றி என்ன பயன் என்பது என் கட்சி. 2023இல் வந்த ஃபெடோரா 38, அப்புறம் உபுண்டு 24.04, இரண்டும் தங்கள் தொகுப்புகளையே ஃபிரேம் பாயின்டரோடு கட்ட ஆரம்பித்துவிட்டன.

இன்னொரு நுட்பமான வடிவம் உண்டு. சங்கிலி மெயின் வரை போகிறது, ஆனால் நடுவில் ஒரே ஒருவர் காணவில்லை. உதாரணத்துக்கு, மெயின் – படி_கோப்பு – பிரி_வரி – மெம்காப்பி என்று அழைப்பு நடக்கிறது. அறிக்கையில் மெயின் – படி_கோப்பு – மெம்காப்பி என்று மட்டும் இருக்கிறது. பிரி_வரி எங்கே? மெம்காப்பி ஒரு சின்ன அசெம்பிளி ஃபங்ஷன். தனக்கென்று ஃபிரேம் போடுவதில்லை, ரிஜிஸ்டரையும் தொடுவதில்லை. அதனால் இன்டரப்ட் அடிக்கும்போது ஃபிரேம் பாயின்டர் இன்னும் பிரி_வரியின் ஃபிரேமையே காட்டிக்கொண்டிருக்கும். அந்த ஃபிரேமில் இருக்கும் திரும்பும் முகவரி படி_கோப்புக்குள் போவது. ஆக நேரடியாக அழைத்தவரின் பெயர் மட்டும் நழுவிவிடும். படி_கோப்பில் மெம்காப்பியையே தேடித் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அது அழைக்கும் ஃபங்ஷன்களுக்குள் பாருங்கள்.

மறுகம்பைல் முடியாது என்றால் இரண்டு வழி. ஒன்று, --கால்-கிராஃப் டுவார்ஃப். இது ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஸ்டாக்கின் 8192 பைட்டை அப்படியே நகலெடுத்துப் பிறகு ஆராயும். விநாடிக்கு 4000 என்ற இயல்பு வேகத்தில் ஒரு சிபியுவுக்கே விநாடிக்குச் சுமார் 32 மெகாபைட். சுமை குறைந்த புரொஃபைலர் என்ற பெயரே போய்விடும். டுவார்ஃப் போட்டால் எஃப்பை 99க்கு இறக்கியே தீர வேண்டும், அப்போது விநாடிக்கு 0.8 மெகாபைட்தான். நகலெடுத்த 8192 பைட்டுக்கு அப்பால் ஸ்டாக் நீண்டிருந்தால் அதற்கு மேலே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொன்று, --கால்-கிராஃப் எல்பிஆர், அதாவது அழைப்புகளைச் செயலியே குறித்துவைக்கும் வசதி. ஹாஸ்வெல் தொடங்கி இன்டெல் சிப்களில் உண்டு. செலவு குறைவு. ஆனால் ஹாஸ்வெல்லில் 16, ஸ்கைலேக்கில் 32 என்று ஆழம் அளவோடுதான்.

ஆழமான ரிகர்ஷன் இருக்கும் நிரலில் எல்லாம் சரியாக இருந்தும் மேல்பகுதி வெட்டுப்பட்டால், பெர்ஃப்_ஈவென்ட்_மேக்ஸ்_ஸ்டாக் அமைப்பைப் பாருங்கள். இயல்பு 127 படி.

அறிகுறி: பெயருக்குப் பதில் "அன்னோன்", அல்லது வெறும் ஹெக்ஸ் எண்

சாம்பிள் ஒழுங்காக விழுந்திருக்கிறது, பெயர்தான் கிடைக்கவில்லை. சி, சி++, ரஸ்ட் நிரல் என்றால் யாரோ ஸ்டிரிப் செய்து பெயர்ப் பட்டியலை நீக்கிவிட்டார்கள். டிஸ்ட்ரோ தொகுப்பு என்றால் அதன் டீபக் தொகுப்பை நிறுவுங்கள். உங்கள் நிரல் என்றால் -ஜி கொடுத்துக் கம்பைல் செய்யுங்கள். (இது ஜிசிசியின் -ஜி, பெர்ஃபின் -ஜி வேறு.) ஆனால் மேம்பாட்டை அணைத்துவிடாதீர்கள். -ஓ0 (மேம்பாடு இல்லாத) நிரலை அளந்தால் சர்வரில் ஓடாத நிரலைத்தான் அளப்பீர்கள்.

சர்வரில் பதிந்த கோப்பை லேப்டாப்பில் திறந்தால் பெயர்கள் காணாமல் போவது சகஜம். பதிவுக் கோப்பில் முகவரிகள்தான் இருக்கின்றன, பெயர்கள் அந்த இயந்திரத்தின் பைனரிகளில் இருக்கின்றன. பதிந்த இடத்திலேயே பெர்ஃப் ஆர்க்கைவ் போட்டுத் தேவையான பைனரிகளைச் சேர்த்து எடுத்து வாருங்கள். பதிந்த பிறகு நிரலை மறுபடி பில்ட் செய்திருந்தாலும் இதே கதிதான். பில்ட் ஐடி (பைனரியின் அடையாள எண்) பொருந்தாத பைனரியை பெர்ஃப் நம்பாது. நம்பாமல் இருப்பதே நல்லது.

நோட், ஜாவா என்றால் இயந்திரக் கோடு ஓடும்போதே உருவாகிறது, பைத்தான் என்றால் இன்டர்பிரட்டர்தான் ஓட்டுகிறது. ஃபங்ஷன்களின் பெயர்ப் பட்டியலை ரன்டைம்தான் டிஎம்பி அடைவில் பெர்ஃப்-4312.மேப் மாதிரி ஒரு கோப்பில் எழுதித் தர வேண்டும். நோடுக்கு --பெர்ஃப்-பேசிக்-புரோஃப். பைத்தான் 3.12 முதல் -எக்ஸ் பெர்ஃப். ஜாவாவுக்கு பிரிசர்வ்ஃபிரேம்பாயின்டர் தெரிவோடு ஓட்டி, ஜேடிகே 17 முதல் ஜேசிஎம்டி கட்டளையின் கம்பைலர்.பெர்ஃப்மேப் கொண்டு பட்டியலை எழுதச் சொல்லலாம். ஜாவா மட்டுமே உங்கள் பாடு என்றால் அசிங்க்-புரொஃபைலரிடம் போய்விடுங்கள், பெர்ஃபோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மேப் கோப்பு இருந்தும் பெயர் வரவில்லையா? அந்தக் கோப்பின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். நீங்களோ ரூட்டோ உரிமையாளராக இல்லாவிட்டால் பெர்ஃப் அதை ஒதுக்கிவிடும். -எஃப் (ரிப்போர்ட்டில் வரும் சின்ன எஃப்) போட்டு வற்புறுத்தலாம்.

அறிகுறி: நேரமெல்லாம் ஸ்பின் அன்லாக்கில் போவதாகக் காட்டுகிறது

மேகத்தில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் இயந்திரங்களில் அடிக்கடி பார்ப்பது. _ரா_ஸ்பின்_அன்லாக்_ஐஆர்க்யூரெஸ்டோர் என்ற கெர்னல் ஃபங்ஷன் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். பூட்டைத் திறப்பதற்கு இவ்வளவு நேரமா?

ரிப்போர்ட்டின் மேல்வரியில் ஈவென்ட் பெயரைப் பாருங்கள். சைக்கிள்ஸ் என்பதற்குப் பதில் சிபியு-கிளாக் என்று இருந்தால் விஷயம் புரிந்துவிடும். மெய்நிகர் இயந்திரத்துக்கு வன்பொருள் கவுன்டர்கள் (செயலிக்குள்ளேயே நிகழ்வுகளை எண்ணுபவை) தரப்படவில்லை. பெர்ஃப் சத்தமில்லாமல் டைமருக்கு மாறிக்கொண்டது. வன்பொருள் கவுன்டரின் இன்டரப்ட் மறிக்க முடியாத வகை, எங்கேயும் நுழையும். டைமர் இன்டரப்ட் அப்படியல்ல. கெர்னல் இன்டரப்ட்டை அணைத்துவிட்டு வேலை செய்யும்போது அது வாசலிலேயே நிற்கும். பூட்டைத் திறந்து, இன்டரப்ட்டை மறுபடி அனுமதிக்கும் அந்தக் கணத்தில் உள்ளே பாயும். பழி அந்த ஃபங்ஷன் தலையில். உண்மையில் நேரம் போனது அதற்கு முன்னால், பூட்டுக்குள் நடந்த வேலையில். ஆகவே அந்தப் பெயரைக் கண்டால் அதை அழைத்தவரைப் பாருங்கள்.

கவுன்டர் இருக்கிறதா என்று உறுதி செய்ய பெர்ஃப் ஸ்டாட் ஒருமுறை ஓட்டினால் போதும். சைக்கிள்ஸ் வரியில் "நாட் சப்போர்ட்டட்" என்று வந்தால் இல்லை. சொந்த கேவிஎம் என்றால் சிபியுவை ஹோஸ்ட்-பாஸ்த்ரூ முறைக்கு மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: ஒன்றும் செய்யாத ஒரு வரி 40 சதவீதம் பிடிக்கிறது

ஃபங்ஷனை வரி வரியாகப் பிரித்துக் காட்டும் பெர்ஃப் அன்னொடேட்டில் போய்ப் பார்க்கிறீர்கள். ஒரு ரிஜிஸ்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் சாதாரண மூவ். அதன் எதிரே 40 சதவீதம். அதற்கு முந்தைய வரியில் 64 பிட் வகுத்தல், எதிரே ஏறக்குறைய பூஜ்ஜியம்.

கவுன்டர் நிரம்பியதற்கும் இன்டரப்ட் உண்மையில் அடித்ததற்கும் இடையே செயலி சற்று நகர்ந்துவிடுகிறது. பழைய இன்டெல் சிப்களில் 64 பிட் வகுத்தலுக்குப் பல பத்து சைக்கிள் ஆகும். அது முடியும்வரை காத்திருந்து, அடுத்த வரியில்தான் கை வைக்க முடிகிறது. விதி எளிது: சந்தேகமான வரி என்றால் ஓரிரண்டு வரி மேலே பாருங்கள். ஈவென்ட்டை சைக்கிள்ஸ்:பிபி என்று கொடுத்தால் இன்டெல்லில் பெப்ஸ், ஏஎம்டியில் ஐபிஎஸ் என்ற வசதியைப் பயன்படுத்தி நழுவலைக் குறைக்கும்.

குறைக்கும், ஒழிக்காது. நினைவகத்திலிருந்து ஒரு மதிப்பை எடுக்கும் கட்டளை கேஷில் தவறினால், அதைப் பயன்படுத்தும் கட்டளைதான், ஒரு கூட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள், காத்துக் கிடந்து பழியைச் சுமக்கும். சதவீதத்தைப் பார்த்து அந்தக் கூட்டலை மாற்றி எழுதாதீர்கள். கூட்டப்படும் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

அறிகுறி: எல்லாம் கூட்டினால் 100ஐத் தாண்டுகிறது

ஒன்றும் கெடவில்லை. -ஜியோடு பதிந்தால் ரிப்போர்ட் இயல்பாகவே அழைக்கப்பட்டவர்களின் நேரத்தையும் அழைத்தவர் கணக்கில் சேர்க்கும். மெயின் 98, அதற்குக் கீழே இருப்பது 90 என்றுதான் வரும். --நோ-சில்ட்ரன் போடுங்கள்.

அறிகுறி: ரிப்போர்ட் திறக்காமல் மணிக்கணக்கில் சுற்றுகிறது

டுவார்ஃப் முறையில் பதிந்த கோப்பில் பெரும்பாலும் வரும். இன்லைன் ஆன ஃபங்ஷன்களின் பெயரைத் தேட பெர்ஃப் பின்னணியில் ஆடர்2லைனை மீண்டும் மீண்டும் கூப்பிடுகிறது. --நோ-இன்லைன் கொடுத்தால் சட்டென்று திறக்கும். விலை என்னவென்றால், இன்லைன் ஆன சின்ன ஃபங்ஷன்கள் தங்களை விழுங்கிய பெரிய ஃபங்ஷனின் பெயரிலேயே தெரியும்.

அறிகுறி: அளக்க ஆரம்பித்ததும் நிரலே தள்ளாடுகிறது, "லாஸ்ட் சங்க்ஸ்" எச்சரிக்கை வருகிறது

பதிவு கெர்னலிலிருந்து கோப்புக்குப் போகும் வேகம் போதவில்லை. பலர் உடனே -எம் கொண்டு பஃபரைப் பெரிதாக்குகிறார்கள். அதைவிட முதலில் எஃப்பைக் குறையுங்கள், டுவார்ஃபை விடுங்கள், அளக்கும் நிரல் எழுதும் அதே டிஸ்க்கில் பதிவை எழுதாதீர்கள். இந்த மூன்றையும் செய்தபின் பஃபரைத் தொட வேண்டியிருப்பது அபூர்வம்.

கெர்னல் லாகில் "இன்டரப்ட் டுக் டூ லாங்" என்று ஒரு வரி வந்து சாம்பிள் வேகம் தானாக இறங்கினால் பதற வேண்டாம். பெர்ஃப் சிபியுவின் 25 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று கெர்னலே ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்தப் பதிவில் சாம்பிள் இடைவெளி நடுவில் மாறியிருக்கும். வேறொரு பதிவோடு சாம்பிள் எண்ணிக்கையை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது

1 சதவீதம் என்று காட்டும் ஃபங்ஷனைப் பற்றி என்றால், மேலே போட்ட 2970 சாம்பிள் கணக்கில் அது சுமார் 30 சாம்பிள். இந்த எண்ணிக்கையில் ஐந்தாறு கூடுவதும் குறைவதும் வெறும் தற்செயல். 0.9 இன்று 1.1 ஆனதற்குக் காரணம் தேட வேண்டாம். தேடியே ஆக வேண்டும் என்றால் அதிக நேரம் பதியுங்கள்.

மொத்த நேரமே ஆடுகிறது என்றால் புரொஃபைலை விட்டுவிட்டு பெர்ஃப் ஸ்டாட் -ஆர் 10 போடுங்கள். பத்து முறை ஓட்டி, சராசரியையும் ஆட்டத்தின் சதவீதத்தையும் சேர்த்தே தரும். உங்கள் திருத்தம் தரும் லாபம் 2 சதவீதம், ஆட்டம் 4 சதவீதம் என்றால் எதையும் நிரூபிக்க முடியாது. சிபியு வேகத்தை சிபியுபவர் கொண்டு பெர்ஃபார்மன்ஸ் முறையில் நிறுத்துங்கள், டாஸ்க்செட்டால் நிரலை ஒரே சிபியுவில் கட்டிப்போடுங்கள், பிறகு மறுபடி அளங்கள்.

பெர்ஃப் ஸ்டாட் வரிகளின் ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் 66.67% மாதிரி ஏதாவது தெரிந்தால், நீங்கள் கேட்ட ஈவென்ட்கள் சிப்பிலுள்ள கவுன்டர்களைவிட அதிகம். பெர்ஃப் அவற்றை முறை மாற்றி ஓட்டி, விட்ட நேரத்துக்கு மதிப்பிட்டு நிரப்பியிருக்கிறது. பழைய இன்டெல் சிப்களில் ஹைப்பர்த்ரெடிங் இருந்தால் ஒரு த்ரெட்டுக்குப் பொதுவாக நான்கு பொதுக் கவுன்டர்தான், அதிலும் கெர்னல் உறைந்துவிட்டதா என்று கண்காணிக்கும் என்எம்ஐ வாட்ச்டாக் ஒரு கவுன்டரைப் பிடித்து வைத்திருக்கலாம். கேஷ் தவறல்களை ஒருமுறை, கிளை ஊகத் தவறுகளை இன்னொரு முறை என்று பிரித்து ஓட்டினால் அந்த அடைப்புக்குறி மறைந்துவிடும்.